திறப்பு யாரிடம் இருக்கிறது?

2014இல் ஒரு மழைநாள். வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் ஆறு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். எங்கட குழுவுக்கென்று முதலாவது இணையத்தளம். ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டிப் பத்து நிமிடத்துக்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. வரவேற்பு வார்த்தைக்குப் பிறகு பயனர் பெயர், கடவுச்சொல், கன்ட்ரோல் பனல் முகவரி, இரண்டு நேம் சேர்வர், எஃப்டிபி விவரம் என்று ஒரு பக்க நீளத்துக்கு இருந்தது. யாரும் அதை முழுதாக வாசிக்கவில்லை. "பாஸ்வேர்ட் எது மச்சான்?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் ஃபோனில் படம் எடுத்தான். மூன்றாமவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். பிறகு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

காசு கட்டியது எங்களில் மூத்த அண்ணா ஒருவரின் கார்ட்டில். ஆகவே கணக்கும் அவருடைய மின்னஞ்சலில்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்து அவர் கனடா போனார். அவருடைய இலங்கை சிம் பாவனையில்லாமல் காலாவதியானது. அடுத்த முறை புதுப்பிக்க வேண்டி வந்தபோது, மின்னஞ்சல் கணக்கு அவரை அடையாளம் தெரியாத ஆளாக நினைத்து அந்தப் பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பியது. நாங்கள் அந்த இலக்கத்துக்கு அழைத்தோம். யாரோ ஒரு ஐயா எடுத்து, பிழையான நம்பர் என்று சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். கொப்பியில் எழுதியிருந்த கடவுச்சொல் சரியாகவே இருந்தது. ஆனால் அது கன்ட்ரோல் பனலுக்கான கடவுச்சொல். டொமைன் புதுப்பிக்கும் கணக்கு வேறு. அது அண்ணாவின் மின்னஞ்சலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது. இரண்டு மாதம் ஓடித் திரிந்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு அந்தத் தளம் போய்விட்டது.

எங்களை யாரும் ஹக் பண்ணவில்லை. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தேடிப் பார்த்ததில் எங்களுக்கு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரு வீடு, பல திறப்புகள்

முதலில் அந்த மின்னஞ்சலை ஒழுங்காக வாசிப்போம். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளட்டை வாடகைக்கு எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டொமைன் என்பது வீட்டு முகவரி. ஹோஸ்டிங் என்பது அந்த வீடு. முகவரியையும் வீட்டையும் ஒரே இடத்தில் வாங்கலாம், வெவ்வேறு இடங்களிலும் வாங்கலாம். நேம் சேர்வர் என்பது இந்த முகவரிக்கு வருபவர் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லும் பலகை.

வீட்டுக்குள் போனால் இன்னும் திறப்புகள் இருக்கின்றன. கன்ட்ரோல் பனல் (பெரும்பாலும் சீபனல்) என்பது முன்கதவு. எஃப்டிபி என்பது சாமான் ஏற்றி இறக்கும் பின்கதவு. கட்டுரைகள் எல்லாம் கிடக்கும் தரவுத்தளத்துக்குத் தனித் திறப்பு. வேர்ட்பிரஸ் போட்டால் அதன் நிர்வாகிக் கணக்குக்கு இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் மேல், காசு கட்டுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. அதை இழந்தவருக்கு மற்றத் திறப்புகள் வாடகை கட்டும் நாள்வரைக்கும்தான் வேலை செய்யும்.

இவற்றில் பலவற்றில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினால் புதிய திறப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அப்படியென்றால் தாய்த்திறப்பு மின்னஞ்சல்தான். அதைப் பிடித்தவர் வீடு முழுவதையும் பிடித்தார். அதைத் தொலைத்தவர் வீடு முழுவதையும் தொலைத்தார். எங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது.

முதலாவது கடவுச்சொல்லும் முதலாவது களவும்

கணினியில் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பாவிக்கும் சிடிஎஸ்எஸ் என்ற முறையை 1961இல் இயக்கிக் காட்டியது. கணினி ஒன்று, ஆட்கள் பலர். ஒருவரின் கோப்பை மற்றவர் தொடாமலிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். பகிர்வதற்காகப் பிறந்த பொருள்தான் கடவுச்சொல் என்பதை மறந்துவிடக் கூடாது.

வந்த கையோடு களவும் வந்தது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த அலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. 1962இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி ஒரு துளை அட்டை மூலம் கேட்டார். இயந்திரம் அப்படியே அச்சடித்துக் கொடுத்தது. பல வருடங்கள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். 1966இல் நடந்தது இன்னும் வேடிக்கை. இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம் மாறியதால், அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் எல்லோருடைய திரையிலும் வந்தன. இதில் எதிரி என்று யாருமே இல்லை. நிர்வாகத்தில் ஒரு கவனக்குறைவு மட்டும்தான்.

இந்தச் சம்பவங்களிலிருந்து கணினி உலகம் ஒரு பாடம் படித்தது: கடவுச்சொல்லை வாசிக்கக்கூடிய வடிவில் எங்கும் வைக்கக் கூடாது. 1979இல் ரொபேர்ட் மொரிஸும் கென் தொம்சனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கடவுச்சொல்லைத் திரும்பப் பெறமுடியாதபடி உருமாற்றி வைக்கும் முறையை விளக்கியது. அதே கட்டுரைக்காக அவர்கள் 3,289 கடவுச்சொற்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 86 வீதமானவை இலகுவாகக் கண்டுபிடிக்கக்கூடியவையாக இருந்தன. ஒரே ஒரு எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர்களும் அதில் இருந்தார்கள். நாங்கள் பிறந்த வருடத்தையும் குழுவின் பெயரையும் சேர்த்து வைத்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டோம். கொஞ்சம் ஆறுதலும் அடைந்தோம்.

எங்களுக்கு வந்த வரவேற்பு மின்னஞ்சலில் கடவுச்சொல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. 1979இலேயே பிழையென்று விளங்கிய வழக்கம் அது. அப்படி வரும் கடவுச்சொல்லை வந்த அன்றே மாற்றவேண்டும். நாங்கள் மூன்று வருடம் மாற்றவில்லை.

காலி வீதியின் கொம்யூனிகேஷன் காலம்

இனிக் கொழும்புக்கு வருவோம். .lk என்ற முகவரி 1990இலிருந்து இருக்கிறது. இலங்கையில் வர்த்தக ரீதியான இணைய சேவை 1995இல் வந்தது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இணையம் சனங்களிடம் போய்ச் சேர்ந்தது வீட்டுக் கணினி வழியாக அல்ல. காலி வீதியிலும் ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் இருந்த கொம்யூனிகேஷன் கடைகள் வழியாகத்தான். வெளிநாட்டு அழைப்பு, ஃபெக்ஸ், ஃபோட்டோ கொப்பி, பிறகு ஒரு மூலையில் இரண்டு கணினி.

யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து விசாவுக்கும் ஏஜென்சிக்கும் காத்திருந்தவர்களால் இந்த இரண்டு பகுதிகளின் லொட்ஜ்களும் நிரம்பியிருந்தன. மகன் லண்டனில், மகள் ரொறன்ரோவில், அம்மா வெள்ளவத்தை லொட்ஜில். அம்மாவுக்கு ஈமெயில் திறந்து கொடுத்தது கடைத் தம்பி. பயனர் பெயர் அவர் யோசித்தது, கடவுச்சொல்லும் அவர் யோசித்தது. சில வேளை அது கடையின் பெயராகவே இருக்கும். அம்மா வந்து, "தம்பி, என்ர கடிதம் வந்திருக்கோ, ஒருக்காப் பாருங்கோ" என்பார். தம்பி திறந்து வாசித்துக் காட்டுவார். எங்கள் சமூகத்துக்கு இணையம் அறிமுகமானதே இன்னொருவர் கையிலுள்ள திறப்போடுதான். அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்தத் தம்பிகள் இல்லாவிட்டால் பல குடும்பங்களுக்குத் தொடர்பே இருந்திருக்காது. ஆனால் "யாராவது கம்பியூட்டர் தெரிஞ்ச தம்பி பார்த்துக்கொள்வார்" என்ற பழக்கம் அங்கிருந்தே வந்திருக்கலாம். எங்கள் குழுவிலும் அண்ணாவை நாங்கள் அப்படித்தான் நம்பினோம்.

2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களுக்குள் பொலிசார் வந்தார்கள். 350க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மூட்டை கட்டுவதற்குக்கூட ஒழுங்காக அவகாசம் கொடுக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இதை ஏன் இங்கே சொல்கிறோம்? எங்கள் சனத்துக்கு இடம் மாறுவது எப்போதும் முன்கூட்டியே திட்டமிட்டு நடப்பதில்லை. கடைக் கணினியில் சேமித்துவைத்த கடவுச்சொல் வவுனியாவில் உதவாது. ஒரு சிம்மோடு மட்டும் கட்டப்பட்ட கணக்கு ரொறன்ரோவில் உதவாது. "ஆள் நாளைக்கு இங்கே இல்லாவிட்டால்?" என்ற கேள்வி வேறு ஊர்களில் மிகையான பயமாக இருக்கலாம். இங்கே அது சாதாரணக் கேள்வி.

அதே 2007இல்தான் இலங்கையின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் நிறைவேறியது. அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதை அது குற்றமாக்கியது. பலருக்குத் தெரியாத இன்னொரு ஏற்பாடும் அதில் இருக்கிறது. ஒரு சேவைக்குள் நுழைவதற்கான விவரத்தை நம்பி ஒருவரிடம் ஒப்படைத்திருக்க, அவர் அதை அனுமதியில்லாமல் வெளியே சொன்னால் அதுவும் குற்றம். ஆக, கடவுச்சொல் என்பது ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று சட்டமே சொல்கிறது. வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிற பொருள் அல்ல.

மூன்று சம்பவங்கள்

பிறகு வந்த வருடங்களில் இலங்கையில் நடந்த மூன்று சம்பவங்களை எடுத்துப் பார்த்தோம்.

முதலாவது, 2016 ஓகஸ்ட். ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ நுழைந்து, உயர்தரப் பரீட்சைத் திகதியைப் பற்றிய முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவைத்தார்கள். இலங்கைத் தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றும் அதில் அறிவுரை இருந்தது. இதற்காகக் கைதானவர்களில் ஒருவர் 17 வயது மாணவர். நாட்டின் மிகப் பெரிய கதிரையின் தளத்துக்கே இந்த நிலை. "எங்கட சின்னத் தளத்தை ஆர் பார்க்கப் போறான்" என்ற ஆறுதல் இனிச் சரிவராது. பெரும்பாலான தாக்குதல்கள் ஆளைத் தேடி வருவதுமில்லை. தானியங்கி நிரல்கள் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று வீடு வீடாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகின்றன.

இரண்டாவது, 2021 பெப்ரவரி 6. சுதந்திர தினம் கழிந்து இரண்டாம் நாள். google.lk உட்படச் சில .lk முகவரிகளைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போய் நின்றார்கள். தேயிலைத் தொழில், ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினை பற்றியெல்லாம் அந்தப் பக்கம் பேசியது. இங்கே பாதிக்கப்பட்ட தளங்களின் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. .lk முகவரிகளைப் பராமரிக்கும் பதிவகத்தின் மட்டத்தில் பலகையைத் திருப்பிவிட்டார்கள். வீட்டுத் திறப்பைப் போலவே முகவரியின் திறப்பும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், உங்கள் கையில் இல்லாத திறப்பொன்றும் எங்கோ இருக்கிறது என்பதையும் இது காட்டியது.

மூன்றாவது, 2023. அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட gov.lk மின்னஞ்சல் பாவித்த ஏறக்குறைய 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பைச் சீக்கிரமே மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குத் தனியான பிரதி இருக்கவில்லை. இருந்த பிரதியும் அதே தாக்குதலில் பூட்டப்பட்டுவிட்டது. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போனது போனதுதான். மின்னஞ்சலுக்குப் பாவித்த மென்பொருளும் தயாரித்த நிறுவனமே கைவிட்ட பழைய பதிப்பு. பிரதியையும் வீட்டுக்குள்ளேயே வைத்தால், திறப்பு பறிபோகிற அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆள் இல்லாமல் போனவை

இந்த மூன்றும் செய்தியில் வந்தவை. செய்தியில் வராமல் போனவைதான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. 1990களின் கடைசியிலும் 2000களிலும் ஈழத்தமிழர் பலர் இலவச இடங்களில் தளங்கள் வைத்திருந்தார்கள். ஊர்ப் பக்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கவிதைகள், பாமினி எழுத்துருவில் தட்டிய நினைவுக் குறிப்புகள். அப்படியான இலவச இடங்களில் மிகப் பெரியதான ஜியோசிற்றீஸ் 2009 ஒக்ரோபர் 26இல் மூடப்பட்டது. எடுத்துவைக்கும்படி முன்னறிவித்தல் கொடுத்தார்கள். ஆனால் பக்கத்தை உருவாக்கியவர் அந்த மின்னஞ்சலையே விட்டுவிட்டுப் போயிருந்தால் அறிவித்தல் யாரைச் சேரும்?

காசு கட்டிய முகவரிகளுக்கும் கணக்கு இருக்கிறது. .com முகவரி ஒன்று காலாவதியானால், விற்றவரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள். பிறகு 30 நாள் கூடுதல் தண்டப்பணத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கடுத்த நாள் அது சந்தைக்கு வரும். எங்கள் பழைய முகவரியை இப்போது தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. வாசகர்கள் சிலர் எங்களிடமே கேட்டிருக்கிறார்கள், "என்ன தம்பியவை, லைனை மாத்திட்டியளோ?" என்று. சிரித்துச் சமாளித்தோம்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி எங்கள் தலைமுறை நிறைய எழுதியிருக்கிறது. அந்த நினைவில் வளர்ந்த நாங்களே எங்கள் எழுத்தைப் புதுப்பிக்க மறந்த ஒரு கணக்கில் வைத்துத் தொலைத்தோம். இரண்டும் ஒன்றல்ல, ஒப்பிடவும் கூடாது. எரித்தவர்கள் செய்தது குற்றம். நாங்கள் செய்தது அசட்டை. ஆனால் பின்னால் வரும் வாசகருக்கு இரண்டிலும் கையில் கிடைப்பது ஒன்றுமில்லை.

இப்போது எப்படி வைத்திருக்கிறோம்

பல கோவில்களில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு இருக்கும். ஒரு திறப்பு தலைவரிடம், மற்றது பொருளாளரிடம். திறக்கும்போது இருவரும் நிற்கவேண்டும். எங்கள் தாத்தாமாருக்கு இது எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. இரண்டாவது முறை தளம் தொடங்கியபோது நாங்கள் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றினோம்.

கணக்கு தனியாளின் மின்னஞ்சலில் இல்லை. குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்தோம். டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் அதில்தான். அந்த மின்னஞ்சல் எங்கள் டொமைன் முகவரியிலேயே இல்லை, வேறொரு சேவையில் இருக்கிறது. முகவரி போனால் மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடக் கூடாது அல்லவா.

கடவுச்சொற்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு. நீளமானவை. சிக்கலான குறியீடுகளைப் போட்டு மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றவேண்டும் என்ற பழைய அறிவுரை 2003இல் அமெரிக்கத் தர நிறுவனமொன்றின் வழிகாட்டியிலிருந்து உலகெங்கும் பரவியது. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017இல் அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அடிக்கடி மாற்றச் சொன்னால் சனம் கடைசி இலக்கத்தை மட்டும்தான் மாற்றும். ஆகவே நீளமாக ஒன்று, கசிந்த சந்தேகம் வந்தால் உடனே மாற்றம், ஆள் ஒருவர் குழுவை விட்டுப் போனால் அன்றைக்கே மாற்றம். எல்லாவற்றையும் கடவுச்சொல் பெட்டகம் ஒன்றில் வைத்திருக்கிறோம். பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பெட்டகத்தின் தலைத்திறப்பு மட்டும் மனதில் இருந்தால் போதும்.

இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தல் வைத்திருக்கிறோம். ஆனால் எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பவில்லை. ஃபோன் செயலியில் குறியீடு வருகிறது. அதை இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து இரண்டு உறையில் போட்டு, ஒன்றை வெள்ளவத்தையிலும் மற்றதைக் கொட்டாஞ்சேனையிலும் வைத்திருக்கிறோம். கட்டுரை எழுதுபவருக்கு எழுத்தாளர் கணக்கு மட்டும்தான், நிர்வாகிக் கணக்கு இல்லை. இதில் கோபிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அலுமாரித் திறப்பைக் கொடுக்கிறோமா? மாதத்துக்கொருமுறை தளத்தின் முழுப் பிரதியொன்றை இறக்கித் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அதைக் கழற்றி வைக்கிறோம். உங்கள் கணக்கு முடக்கப்படப் போகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை அழுத்துவதில்லை. நாங்களே முகவரியைத் தட்டிப் போய்ப் பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு தாள் இருக்கிறது. எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, எப்போது காலாவதியாகும், யார் யாரிடம் திறப்பு இருக்கிறது என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறோம். கடவுச்சொல் அதில் இல்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்தத் தாளை எடுத்துப் பெயர்களைச் சரிபார்க்கிறோம். போன தைக்குப் பார்த்தபோது ஐந்து பெயரில் ஒருவர் மெல்பேர்ணுக்குப் போயிருந்தார். அவருடைய பெயரை வெட்டி, உயர்தரம் முடித்துவிட்டு வந்து சேர்ந்த தங்கச்சி ஒருவரின் பெயரை எழுதினோம். அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "அண்ணா, மற்ற உறை கொட்டாஞ்சேனையில ஆற்ற வீட்ட இருக்கு?" என்று கேட்டார்.

2014இல் எங்களில் ஒருவருக்காவது அப்படியொரு கேள்வி வந்திருக்கலாம்.